ஒழுங்கும் ஒழுக்கமும்: எச்.ஐ.வி. மருந்தும் அதனை உட்கொள்வோரும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மருந்தை நாள்தோறும் உட்கொள்பவர் அவ்வரலாற்றிலே தோன்றுவது அரிது. தோன்றும்போதும் அவர் ஓர் இடையூறாகவே தோன்றுகின்றார்: குறித்த நாளில் வராதவர், கொடுத்த குளிசையை விழுங்காதவர், உடல் தேறியதும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுபவர். எச்.ஐ.வி. தொற்றுக்கான முதல் மருந்து புழக்கத்துக்கு வந்த 1987ஆம் ஆண்டு தொடக்கம் நோயாளர் குறித்து இரண்டு வினாக்கள் ஓயாது கேட்கப்பட்டு வந்துள்ளன. மருந்தை இவர்கள் ஒழுங்காக எடுப்பார்களா என்பது ஒன்று. மருந்தினால் நலம்பெற்றபின் இவர்களது பாலியல் நடத்தை பிறருக்கு ஆபத்தாகுமா என்பது மற்றையது. இவ்விரண்டும் மருத்துவ அடிப்படையுள்ள வினாக்களே. அவற்றைக் கேட்கலாகாது என்பது நமது வாதமன்று. ஆயின், அவை யாரால், எச்சந்தர்ப்பத்தில், எதனை மறுப்பதற்காகக் கேட்கப்பட்டன என்பதை ஆராயும்போது, நோயாளரின் குணம் பற்றிய வினாக்களாகத் தோன்றுபவை உண்மையில் மருந்தின் விலை, விநியோகம், அதிகாரம் ஆகியன பற்றிய வினாக்களின் திரிந்த வடிவங்களாக இருப்பதை அவதானிக்கலாம். தென்னாபிரிக்காவை மையமாகக் கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

மொழியும் இலக்கியமும் பயில்வோர் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது இயல்பு. மருந்தை விதித்தபடி உட்கொள்வதைக் குறிக்க 1970களில் ஆங்கில மருத்துவ எழுத்திலே நிலைபெற்ற கலைச்சொல்லின் நேர்ப்பொருள் 'பணிந்து நடத்தல்' என்பதாகும். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சக்கெற், பிறயன் ஹெயின்ஸ் ஆகிய இருவரும் 1976இல் தொகுத்து வெளியிட்ட நூல் அச்சொல்லை ஓர் ஆய்வுத்துறையின் பெயராகவே ஆக்கிற்று. வைத்தியர் கட்டளையிடுபவர், நோயாளர் பணிபவர் என்ற உறவு அதிலே தொக்கி நிற்கின்றது. காலப்போக்கில் அது கண்டனத்துக்குள்ளாகி, 'பற்றி நிற்றல்' என்ற பொருளுடைய வேறொரு சொல் அதனிடத்தைப் பெற்றது. சொல் மாறிற்று, உறவும் அதே வேகத்தில் மாறிற்று எனக் கூறமுடியாது. தமிழிலே நாம் 'ஒழுங்காக மருந்து எடுத்தல்' என்கின்றோம். ஒழுங்கு, ஒழுக்கம் என்னும் இரண்டும் 'ஒழுகு' என்ற ஓரடியினின்று பிறந்தவை. மருந்தில் ஒழுங்கற்றவர் பாலியலிலும் ஒழுக்கமற்றவர் என்ற எண்ணம் நமக்கு எளிதிலே தோன்ற மொழியே வழிசெய்து விடுகின்றது. ஆனால் இவ்விணைப்பு தமிழருக்கு மாத்திரம் உரியதன்று என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும். வசதி கருதி, பணிதல் என்ற தொனியை விலக்கி, 'மருந்தொழுங்கு' என்ற சொல்லை இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

இவ்வரலாற்றில் எச்.ஐ.வி.க்கு முற்பட்ட ஒரு கட்டம் சென்னையிலே நிகழ்ந்தது. 1950களின் நடுப்பகுதிவரை சயரோகச் சிகிச்சை என்றால் சானற்றோரியத்தில் தங்குதல், ஓய்வு, நல்லுணவு, தூயகாற்று என்பதே மருத்துவ உலகின் பொதுக்கொள்கை. இந்தியாவின் நோயாளர் தொகையோடு ஒப்பிடுகையில் அங்கிருந்த படுக்கைகளோ மிகச் சொற்பம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியன இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. வலஸ் பொக்ஸ் அதனை வழிநடத்தினார். நகரின் வறிய நோயாளர் இரு குழுவினராக்கப்பட்டு, ஒரு குழுவினர் சானற்றோரியத்திலும் மற்றையோர் தத்தம் நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளால் ஓராண்டு சிகிச்சையளிக்கப்பட்டனர். 1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், அதிகம் உழைத்தனர், ஓய்வென்பதை அறியார். இருந்தும் அவர்கள் குணமடைந்த வீதம் சானற்றோரியத்தாரின் வீதத்தோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் அதனாற் கூடவில்லை. சானற்றோரியங்கள் உலகெங்கும் மூடப்படத் தொடங்கியமைக்கு இவ்வாய்வு ஒரு தலையாய காரணமாகும்.

எனினும் அதே சென்னை ஆய்விலிருந்து வேறொரு மரபும் கிளைத்தது. வீட்டில் இருக்கும் ஏழை மருந்தை விழுங்குகின்றாரா என்ற ஐயம் பொக்ஸை விடாது தொடர்ந்தது. முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்று குளிசைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பின்னர், கண்முன்னே மருந்தை விழுங்கவைக்கும் முறை சென்னையிலேயே பரிசோதிக்கப்பட்டது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பிய சயரோகச் சிகிச்சை முறையின் வேர்களில் ஒன்று அங்குதான் உண்டு. ஏழையின் வீட்டை நம்பலாம், ஏழையின் கையை நம்பலாகாது என்ற இரட்டை நிலைப்பாடு இவ்வாறு உருவாயிற்று. எச்.ஐ.வி. இவ்விரண்டையும் ஒருங்கே வழியுரிமையாகப் பெற்றது.

1987 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட ஏ.இசட்.ரி. என்ற மருந்தை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் விழித்தெழுந்து, உட்கொள்ள வேண்டியிருந்தது. மணியடிக்கும் குளிசைப் பெட்டிகள் அன்று அமெரிக்க நகரங்களில் நோயின் அடையாளமாகவே விளங்கின. 1996 ஜூலையில் வான்கூவர் மாநாட்டில் மும்மருந்துச் சிகிச்சையின் வெற்றி அறிவிக்கப்பட்டபோது குளிசைகளின் தொகை மேலும் பெருகிற்று. ஒன்று வெறுவயிற்றில், மற்றொன்று உணவோடு, வேறொன்று நிறையத் தண்ணீரோடு என விதிகள் பல. ஆண்டுச் செலவு ஒருவருக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேல். டேவிட் பற்றர்சன் முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, விதித்த வேளைகளில் நூற்றுக்கு 95க்குக் குறையாது உட்கொண்டோரிடத்தே வைரஸ் நன்கு அடங்கியிருந்ததாகக் காட்டிற்று. நூறு பேருக்கும் குறைவானோரை, அன்றைய மருந்துகளை வைத்து ஆராய்ந்த ஆய்வு அது. ஆயினும் '95' என்ற எண் விரைவிலேயே இயற்கைவிதி போன்ற மதிப்பைப் பெற்றது. பிற்காலத்து மருந்துகளுக்கு அத்துணைக் கடுமை வேண்டியதில்லை என்பது 2006 அளவிலே தெளிவாயிற்று. அதே ஆண்டில் நாளொன்றுக்கு ஒரேயொரு குளிசை போதும் என்ற நிலையும் வந்தது. அதாவது, மன்னிக்காத தன்மை மருந்தினுடையது. அது நோயாளரின் குணமாக எழுதப்பட்டது. தவறின் எதிர்ப்புத்திறனுள்ள வைரஸ் உருவாகி உலகெங்கும் பரவும், ஆகவே தவறக்கூடியவர் கையில் மருந்தைக் கொடாதிருப்பதே பொதுநலம் என்ற தர்க்கம் இதன் மேல் எழுந்தது. தவறக்கூடியவர் யார் என்பதை எவரும் ஆராயவில்லை. அது முன்னரே தெரிந்த விடயம்போலக் கருதப்பட்டது.

2000 ஜூலையில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் சர்வதேச எயிட்ஸ் மாநாடு கூடியது. தமக்கு எச்.ஐ.வி. உண்டென முந்திய ஆண்டிலே பகிரங்கமாக அறிவித்திருந்த நீதிபதி எட்வின் கமரன் அங்கு உரையாற்றினார். தாம் உயிருடன் நிற்பதற்குக் காரணம் மருந்தை விலைகொடுத்து வாங்கக்கூடிய வருவாய் தமக்கு இருப்பதே என அவர் வெளிப்படையாகக் கூறினார். வர்க்கம் என்ற சொல்லை அவர் ஆண்டாரல்லர். ஆயினும் நோயின் வர்க்கத்தன்மை பற்றி அம்மாநாட்டிலே கூறப்பட்டவற்றுள் அதனைவிடத் தெளிவானது வேறில்லை எனலாம். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீட், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கு மும்மருந்தை ஆண்டொன்றுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தார். அதே ஆண்டு ஏப்பிரலில், மலிவான மருந்துக்கு வழிசெய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராகத் தென்னாபிரிக்க அரசின்மீது வழக்குத் தொடுத்திருந்த 39 மருந்துக் கம்பனிகளும், உலகளாவிய கண்டனத்தின் நடுவே, அவ்வழக்கைக் கைவிட்டன. விலை என்ற நியாயம் இவ்வாறு இரண்டு மாத இடைவெளியிலே பெரிதும் சரிந்தது.

இதனை அடுத்தே கடிகாரம் வந்தது. 2001 ஜூன் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டின் தலைவர் அன்ட்று நற்சியோஸ், பொஸ்டன் குளோப் பத்திரிகைக்கும் பின்னர் தமது நாட்டுச் சட்டசபைக் குழுவொன்றுக்கும் கூறியவை பிரசித்தமானவை. ஆபிரிக்கர் பலர் வாழ்நாளில் கடிகாரத்தைக் கண்டதில்லை. காலை, நண்பகல், மாலை, இரவு என்பவற்றையே அவர்கள் அறிவர். குறித்த நேரத்தில் உட்கொள்ளவேண்டிய மருந்தை அவர்களுக்குக் கொடுப்பதிற் பயனில்லை என்பதே அவற்றின் சாரம். இதனை ஒரு தனிமனிதரின் அறியாமை என ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குதல் தவறாகும். விலையென்ற தடை தளர்ந்த அதே வேளையில் பண்பாடென்ற தடை முன்வைக்கப்பட்டமை தற்செயலான நிகழ்வன்று.

இக்கூற்றின் வரலாற்று முரண் ஆழமானது. ஆலைத்தொழில் முதலாளித்துவம் தொழிலாளரின் காலவுணர்வை எவ்வாறு கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்திற்று என்பதை இ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். ஆங்கில நாட்டிலே தலைமுறைகள் பல கண்ட அம்மாற்றம் தென்னாபிரிக்காவிலே துப்பாக்கியின் துணையோடு விரைந்து நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நற்றாலில் சூலுத் தொழிலாளர் பிறையைக் கொண்டு மாதத்தைக் கணக்கிட்டனர். வெள்ளை முதலாளிகள் நாட்காட்டியைக் கொண்டு கணக்கிட்டனர். இரண்டுக்கும் இடையிலான சில நாட்களின் கூலிக்காக எழுந்த பிணக்குகளைக் கெலெற்சோ அற்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியை எடுத்துக்காட்டியுள்ளார். அங்கு தகராறு காலம் அறியாமை பற்றியதன்று. யாருடைய காலம் கணக்கில் எடுக்கப்படும் என்பது பற்றியதே. பின்னர் தங்கச் சுரங்கங்களின் ஊதுகுழல் வந்தது. கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய தகைமையற்ற கறுப்பினத்தவர் ஒருவர் நகரப் பகுதியொன்றிலே 72 மணித்தியாலத்துக்கு மேல் தங்குவது குற்றமாகும். ஒரு மக்கட் கூட்டத்தின் இருப்பையே மணித்தியாலத்தால் அளந்து சிறையிலிட்ட நாடு அது. அந்நாட்டு மக்கள் உள்ளிட்ட ஒரு கண்டத்தையே நோக்கிக் கடிகாரம் அறியாதவர் என்ற தீர்ப்பு வழங்கப்பட்டது.

நற்சியோஸ் பேசுவதற்கு ஒரு மாதம் முன்னரே, 2001 மேயில், கேப் ரவுன் நகருக்கு வெளியேயுள்ள கயெலிற்சாவில் அரச மருத்துவ நிலையங்களினுள் மும்மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டுவிட்டது. எல்லைகளற்ற வைத்தியர்களும் மேற்கு கேப் மாகாண சுகாதார நிருவாகமும் இணைந்து அதனை நடத்தின. கயெலிற்சா என்ற ஷோசாச் சொல்லுக்குப் 'புதிய வீடு' என்பது பொருள். நிறவெறி அரசு 1980களின் நடுப்பகுதியிலே கறுப்பினத்தவரை நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அப்பால் மணற்பரப்பிலே குவிப்பதற்காக அமைத்த குடியிருப்பு அது. நகரத்து வீடுகளையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்வோர் விடியுமுன் எழுந்து புகையிரதம் பிடிப்பது அங்கு அன்றாட நிகழ்ச்சி. மருந்துச் செலவைக் குறைக்க, 2002 ஜனவரியில் பிரேசில் நாட்டு அரச ஆலையின் மருந்துகள் காப்புரிமையைப் பொருட்படுத்தாது கொண்டுவரப்பட்டன.

அங்கு முதலிற் சேர்க்கப்பட்ட 287 பேரின் நிலையை 2004இல் வெளிவந்த ஆய்வு விரிவாகத் தருகின்றது. அவர்கள் சாவின் விளிம்பில் நின்றவர்கள். உடலின் எதிர்ப்புவலுவைக் காட்டும் சி.டி.4 கலங்கள் சுகதேகியிடத்தே ஐந்நூறுக்கு மேலிருப்பது வழக்கம். இவர்களுள் நடுநிலையானவரிடத்தே 43 மட்டுமே இருந்தன. ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 89 பேரின் குருதியில் வைரஸ் ஏறக்குறைய அளவிடமுடியாத மட்டத்துக்கு இறங்கிற்று. ஈராண்டு முடிவில் நூற்றுக்கு 86 பேர் உயிருடன் இருந்தனர். கேப் ரவுனின் வேறு 289 நோயாளரை ஆராய்ந்த கதரின் ஒறெல் முதலியோர், மருந்தொழுங்கு தென்னாபிரிக்காவிலே தடையன்று என்பதை 2003இல் கட்டுரைத் தலைப்பாகவே எழுதினர். எட்வேட் மில்ஸ் முதலியோர் 2006இல் ஆபிரிக்காவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, போதிய மருந்தொழுங்கு கொண்டோர் சஹாராவுக்குத் தெற்கே நூற்றுக்கு 77 பேர், வட அமெரிக்காவிலே 55 பேர் எனக் கண்டனர். கடிகாரம் நிறைந்த நாடு பின்தங்கி நின்றது.

இவ்வெண்களை வெற்றிமுழக்கமாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். கயெலிற்சாவின் முதல் நோயாளர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குறித்த தவணைகளுக்கு ஒழுங்காக வந்தவரா, வீட்டிலே ஒருவருக்கேனும் தமது நோயைச் சொன்னவரா என்பவை பார்க்கப்பட்டன. மேலும், வைரஸ் அடங்கியிருந்தோரின் வீதம் இரண்டாமாண்டின் இறுதியிலே நூற்றுக்கு 70 அளவுக்கு இறங்கிவிட்டது. சாவை அணுகி மீண்டவர் முதலாண்டிலே காட்டும் உறுதியை ஐந்தாமாண்டிலும் காட்டுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, செல்வந்த நாடுகளிலேயே நீடித்த நோய்களுக்கான மருந்தை ஒழுங்காக எடுப்போர் சராசரியாகப் பாதிப்பேரே என்கின்றது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் மருந்தெடுப்போரை நம் வீடுகளிலேயே காண்கின்றோம். அவர்கள் ஒருவேளை தவறினால் அதை எவரும் பண்பாட்டின் குறையாகக் கொள்வதில்லை.

இவ்விடத்து நமது தரப்பினருக்குச் சங்கடமான ஒரு விடயத்தையும் கூறியாதல் வேண்டும். டர்பன் மாநாட்டைத் தொடக்கிவைத்த தென்னாபிரிக்க ஜனாதிபதி தாபோ உம்பெக்கி, உலகின் மிகப்பெரும் கொலையாளி கொடிய வறுமையே என்றார். அது உண்மை. ஆனால் அவ்வுண்மையைக் கொண்டு, எச்.ஐ.வி.யே எயிட்ஸுக்குக் காரணம் என்பதை ஐயுறவும், மேற்கத்திய மருந்தை நஞ்சென ஒதுக்கவும் அவர் முற்பட்டார். அவரது சுகாதார அமைச்சர் பீற்றூட்டையும் உள்ளியையும் பரிந்துரைத்தார். ஏகாதிபத்திய எதிர்ப்பின் சொற்கள் அனைத்தும் அவ்வாதத்தில் இருந்தன. ஏழைக்குக் குளிசை மட்டும் இல்லை. நற்சியோஸ் ஒரு திசையிலிருந்தும் உம்பெக்கி எதிர்த்திசையிலிருந்தும் வந்து ஒரே முடிவிலே சந்தித்தனர். 2000 முதல் 2005 வரையான காலப்பகுதியில் அக்கொள்கையினால் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டதாக ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் கணித்தனர். சமூகக் காரணிகளைப் பேசுவோர் அனைவரும் இவ்வெண்ணை மறவாதிருத்தல் நன்று. வறுமையைச் சுட்டுவது வேறு. வறுமையைக் காட்டி மருந்தை மறுப்பது வேறு. 1998 டிசெம்பரில் தோன்றிய சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் ஆதரவோடு அது கம்பனிகளையும் எதிர்த்தது. தான் வாக்களித்த அரசையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. அதன் தலைவர் சக்கி அக்மாற், பொது வைத்தியசாலைகளில் மருந்து கிடைக்கும்வரை தாம் மருந்துண்பதில்லை எனச் சூளுரைத்து, 2003வரை அதனைக் காத்தார். மருந்துண்ணாமையே அரசியற் செயலாகிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

மருந்தொழுங்கைக் குலைப்பவை எவை என ஆராய்ந்தோர் பெரும்பாலும் மிகச் சாதாரணமான விடயங்களையே கண்டனர்: பேருந்துக் காசு, பசி, நாட்கூலியை இழந்து வரிசையிலே நிற்கவேண்டிய காலைப்பொழுது, களஞ்சியத்திலே மருந்து தீர்ந்துபோதல். இவற்றோடு கண்களுக்கு அஞ்சுதலும் சேர்கின்றது. 1998ஆம் ஆண்டு உலக எயிட்ஸ் தினத்தையொட்டித் தமது நோயை வெளிப்படுத்திய குகு இட்லமினி என்ற பெண், டர்பனுக்கு அண்மையிலுள்ள குவாமாசுவில் சில நாட்களிலேயே அயலவரால் அடித்துக் கொல்லப்பட்டார். இதை அறிந்த ஒருவர் மாமியார் வீட்டிலே குளிசைப் போத்தலை ஒளித்துவைப்பதும், விருந்தினர் முன் ஒருவேளையைத் தவறவிடுவதும் அறியாமையன்று. உயிர் காக்கும் கணக்கு. ஜொனி ஸ்ரைன்பேக் 2008இல் வெளியிட்ட நூல், கிழக்கு கேப்பின் லுசிகிசிகியில் மருந்து வாசலுக்கு வந்தபின்னரும் பரிசோதனைக்குச் செல்ல மறுக்கும் ஓர் இளைஞனின் மனத்தைத் தொடர்ந்து செல்கின்றது. எண்கள் காட்டாத ஒன்றை அந்நூல் காட்டுகின்றது: அவனுக்கு அச்சம் ஊசியிலன்று, மருத்துவ நிலையத்தில் ஒருவன் எவ்வளவு நேரம் செலவிட்டான் என்பதைக் கொண்டு முடிவை ஊகிக்கும் ஊராரின் பார்வையிலாகும்.

கயெலிற்சா இதற்குக் கண்ட விடை குறிப்பிடத்தக்கது. அங்கு 2007இன் பிற்பகுதியிலிருந்து, உடல்நிலை சீரடைந்த நோயாளர் முப்பதுபேர் அளவில் குழுக்களாக்கப்பட்டனர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, பொதிசெய்யப்பட்ட மருந்தைப் பெற்று, ஒரு மணித்தியாலமளவிலே வேலைக்குத் திரும்பினர். வைத்தியர் இல்லை, வரிசை இல்லை. 2011வரையான தரவுகளை ஆராய்ந்தபோது, இக்குழுக்களில் இருந்தோரில் நூற்றுக்கு 97 பேர் சிகிச்சையிலே நிலைத்திருந்தனர். வழமையான முறையிலே தொடர்ந்தோரில் 85 பேர். சீரானவரே குழுக்களிற் சேர்க்கப்பட்டனர் என்பதைக் கழித்துக்கொண்டாலும், இவ்வேறுபாடு பொருளுடையது. உபதேசத்தைக் கூட்டாமல், காத்திருப்பைக் குறைத்தமையால் விளைந்த ஒழுங்கு அது.

இனி மற்றைய வினாவுக்கு வருவோம். தென்னாபிரிக்காவிலே பாலியல் நோய்களைக் கறுப்பினத்தவரின் ஒழுக்கத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் எயிட்ஸுக்கு மிக முந்தியது. அதற்கு மறுப்பும் முந்தியதே. சிட்னி கார்க் என்ற வைத்தியர் 1949இல் எழுதிய கட்டுரை, கிராமங்களிலே சிபிலிஸ் பரவும் பாதை சுரங்கங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுசென்று மீளக் கொண்டுவரும் பாதையோடு ஒத்துச்செல்வதைக் காட்டிற்று. மனைவியரை ஊரில் நிறுத்தி ஆண்களை மட்டும் கொட்டில்களிலே அடைத்துவைத்த உழைப்புமுறையே அவருக்கு நோயின் மூலம். அரை நூற்றாண்டின் பின் எச்.ஐ.வி. அதே பாதையிற் பயணம் செய்தது.

மும்மருந்து வந்தபின் கேள்வி புதிய வடிவம் பெற்றது. 1990களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் ஆண்புணர்ச்சியாளரிடையே ஆணுறைப் பயன்பாடு குறைந்தபோது, மருந்து தந்த துணிச்சலே காரணம் எனப் பலர் எழுதினர். நிக்கொல் கிறெப்பாஸ் முதலியோர் 2004இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மருந்து எடுப்போரிடத்தே ஆபத்தான உறவு கூடியிருக்கவில்லை. வைரஸ் அடங்கியவரிடத்தேயும் கூடியிருக்கவில்லை. மருந்து தொற்றைத் தடுக்கும் என நம்பியோரிடத்தேதான், அவர்கள் தொற்றுள்ளவராயினும் அல்லராயினும், அது கூடியிருந்தது. உகண்டாவின் கிழக்கிலே 926 நோயாளரை ஆராய்ந்த ரெபெக்கா பனெல் முதலியோர், வீடுவரை வந்த சிகிச்சையும் ஆலோசனையும் பெற்ற ஆறு மாதத்தில் ஆபத்தான உறவு நூற்றுக்கு 70 அளவிற் குறைந்ததாக 2006இல் அறிவித்தனர். உயிர் மீண்டவர் பிறர் உயிரையும் எண்ணினர்.

ஆனால் வரலாற்றின் சுவையான திருப்பம் இதன் பின்னரே நிகழ்ந்தது. 'ஆபத்தான நம்பிக்கை' எனக் குறிக்கப்பட்ட அந்நம்பிக்கையே, உரிய நிபந்தனைகளோடு, உண்மை எனத் தெரியவந்தது. 2008 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் வைத்தியர் நால்வர், மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, ஆறு மாதத்துக்குக் குறையாது வைரஸ் அடங்கியிருந்து, வேறு பாலியல் நோயும் இல்லாதவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது என அறிவித்தனர். எதிர்ப்பு கடுமையாயிருந்தது. சான்று போதாது என்றோர் ஒருபுறம். அது நியாயமான எதிர்ப்பு. உண்மையாயிருப்பினும் நோயாளருக்குச் சொல்லலாகாது, சொன்னால் கட்டவிழ்ந்து நடப்பர் என்றோர் மறுபுறம். இரண்டாவதை நாம் நன்கறிவோம். கல்வியை, வாக்குரிமையை, ஏழைகளுக்கு மறுத்தபோதும் கேட்ட குரல் அது. 2011 மேயில், சென்னையும் புனேயும் உள்ளிட்ட ஒன்பது நாட்டு நிலையங்களில் 1763 இணையரைக் கொண்டு நடந்த எச்.பி.ரி.என். 052 ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இணையரில் ஒருவருக்குத் தொற்றுண்டு, மற்றவருக்கில்லை. முற்கூட்டியே மருந்து தொடங்கியோரிடமிருந்து தொற்று நூற்றுக்கு 96 குறைந்தது. இணையருக்கிடையே நேர்ந்ததென உறுதியான 28 தொற்றுகளுள் ஒன்றே அப்பிரிவினது. 2019இல் முடிவுகள் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, ஆணுறையற்ற உறவு ஏறத்தாழ 76,000 தடவை நிகழ்ந்தும், வைரஸ் அடங்கியவரிடமிருந்து இணையருக்கு ஒரு தொற்றேனும் செல்லவில்லை எனக் கண்டது. முதலாம் வினா இரண்டாம் வினாவை விழுங்கிவிட்டது என இதனைக் கூறலாம்: மருந்தில் ஒழுங்கு இருக்குமாயின், எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, உறவின் ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏனைய பாலியல் நோய்கள் இதனால் தடுக்கப்படுவதில்லை என்பது வேறு விடயம்.

எனினும் இரு ஒழுங்கின்மைகளும் சேர்ந்து காணப்படும் நோயாளர் இல்லாமலில்லை. அத்லாந்தா நகரில் செத் கலிச்மன் போன்றோர் நடத்திய ஆய்வுகள், குளிசையைத் தவறவிடுவோரிடத்தே பாதுகாப்பற்ற உறவும் கூடுதலாகக் காணப்படுவதைச் சுட்டின. ஒழுக்கவாதிகளுக்கு இது வாய்ப்பான சான்று. ஆனால் மதுவும் மனச்சோர்வும் நிலையான இருப்பிடமின்மையும் இரண்டுக்கும் அடியிலே கிடப்பதை இத்துறையினர் தொடர்ந்து எழுதியுள்ளனர். தலைசாய்க்க இடமற்றவர் குளிசைப் போத்தலை எங்கே வைப்பார்? இரவுத் தங்கலுக்காக உடலைக் கொடுப்பவர் ஆணுறையை எவ்வாறு வற்புறுத்துவார்? ஒரே வேரிலிருந்து இரு கிளைகள் எழும்போது, ஒரு கிளையை மற்றதற்குக் காரணமெனல் தாவரவியலும் ஏற்காத முடிவு.

நற்சியோஸின் நிறுவனம் பின்னர் தன் நிலையை மாற்றிக்கொண்டதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். 2003 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் அறிவித்த அவசர நிவாரணத் திட்டம் இலட்சக்கணக்கான ஆபிரிக்கருக்கு மருந்தைக் கொண்டுசென்றது. திருமணம்வரை புலனடக்கம் என்ற பிரசாரத்துக்குத் தடுப்பு நிதியின் மூன்றிலொன்றை ஒதுக்குமாறு அதன் சட்டம் முதலில் விதித்தது. ஒழுங்கும் ஒழுக்கமும் ஒரே வரவுசெலவில் இணைக்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கு மேல் அத்திட்டம் நடந்தது. தென்னாபிரிக்காவிலே மருந்துக் கொள்வனவின் பெரும்பகுதியை அந்நாட்டு அரசே ஏற்றிருந்தது; அமெரிக்க நிதி எச்.ஐ.வி. பணிகளின் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஆறிலொன்று. அப்பணம் பெரும்பாலும் மனிதருக்குச் சென்றது: தாதியர், ஆலோசகர், தவணைக்கு வராதவரைத் தேடி வீட்டுக்குச் செல்வோர். 2025 ஜனவரி 20ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் புதிய நிருவாகம் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தும் ஆணையைப் பிறப்பித்தது. சில நாட்களுள் பணிநிறுத்தக் கடிதங்கள் சென்றன. நிலையங்கள் சில ஒரே காலையில் மூடப்பட்டன. குறித்த தவணையிலே, குறித்த நேரத்துக்கு, அட்டையோடு வந்த நோயாளர் பூட்டிய கதவின் முன் நின்றனர். உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்களிக்கப்படும் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டபோதிலும், ஆயிரக்கணக்கான பணியாளர் அதற்குள் வேலையிழந்திருந்தனர். தேடிச் செல்வோரும் அவர்களுள் அடங்குவர். 2025 ஜூலை 1ஆந் திகதி யூ.எஸ்.எயிட் நிறுவனம் தன் உதவிப் பணிகளை நிறுத்திக்கொண்டது.